வரவேற்க ஆள் தேவை

"மாட்டேன்னு சொல்லிட்டேன்ல? டோஸ்ட்டைத் தின்னு," என்றாள் ஷார்லீன்.

எட்டு வயது டலிசா தட்டைத் தள்ளினாள். "எங்கம்மாதான் நாளைக்கு எல்லாரையும் வரவேற்பாங்கன்னு கிளாஸ் முழுக்கச் சொல்லிட்டேன். இப்ப என் மானமே போகப்போகுது."

"நாம கமிலராய் இனம். இது விராஜுரி இனத்துக்காரங்க மண்ணுடி. அடுத்தவங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு நான் வாங்க வாங்கன்னு கூப்பிடலாமா?"

டலிசாவுக்கு அழுகை முட்டியது. ஷார்லீனுக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனால் இதைச் செய்தால் செத்துப்போன சொந்தங்கள்கூட எழுந்துவந்து திட்டுவார்கள்.

ஆஸ்திரேலியாவில் எந்த விழா என்றாலும் அந்த மண்ணின் பூர்வகுடி ஒருவர் வந்தவர்களை வரவேற்றுத் தொடங்கிவைப்பது வழக்கம். அதிலும் பூர்வகுடி வாரம் வந்தால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைகால் புரியாது. பிள்ளைகள் காகிதக் கங்காரு வெட்டுவார்கள், அட்டை பூமராங்குக்கு வண்ணம் அடிப்பார்கள், டலிசாவிடம் புழு தின்பாயா என்று விசாரிப்பார்கள். தலைமையாசிரியர் ஹாக்கெட் நல்ல மனிதர். பூர்வகுடிகள் எல்லாரும் ஒரே குடும்பம் என்று நம்பினார், அவ்வளவுதான்.

பிள்ளையை விட வந்த ஷார்லீனை அவர் வாசலிலேயே மடக்கினார். "ரெண்டே வார்த்தை பேசுங்க, போதும். பிள்ளைங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. நானே இங்க விருந்தாளி, மிஸ்டர் ஹாக்கெட். மண்ணுக்காரரைக் கூப்பிடுங்க."

"யாருன்னு சொல்லுங்க, இப்பவே போன் போடறேன்."

"வெஸ் அண்ணன்."

ஹாக்கெட்டின் முகம் சுண்டிப்போனது. ஆட்டுப் பண்ணைக்காரர்கள் வந்தபோது இந்த ஊர் மனுஷரே இல்லாத வெறும் காடாகக் கிடந்தது என்று டீச்சர் நடத்திய பாடத்தைக் கேள்விப்பட்டு, போன மாதம் நியாயம் கேட்க வந்தவர் வெஸ். அவர் மகன் மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். அன்றைக்குப் பேச்சில் வெஸ்ஸின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. இந்த வருடம் முழுக்க அவர் பள்ளிக்குள் கால்வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டதே ஹாக்கெட்தான்.

"வேற யாராவது..."

"அவங்க குடும்பத்துல யாரைக் கேட்டாலும் அவரைத்தான் கைகாட்டுவாங்க."

ஹாக்கெட் நெற்றியைத் தேய்த்தார். "சரி. நாளைக்கு ஒருநாள் மட்டும் அவருக்கு அனுமதி தரேன்."

மறுநாள் காலை வெஸ் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். வாசலுக்கு வெளியே நடைபாதையிலேயே நின்றுகொண்டார்.

"உள்ள வாங்க வெஸ்," என்றார் ஹாக்கெட்.

"இருக்கட்டும். ஒருநாள் அனுமதில வர எனக்குக் கூச்சமா இருக்கு."

வேறு வழியில்லாமல் பள்ளிக்கூடமே கம்பிவேலியோரம் திரண்டது. "இவரை எங்கம்மாதான் சொன்னாங்க," என்று பக்கத்துப் பெண்ணிடம் டலிசா பெருமையடித்தாள்.

வெஸ் தம் மொழியில் பேசினார். பிறகு எல்லாருக்கும் புரிகிற மொழியில், வேலிக்கு அந்தப் பக்கமிருந்த முகங்களைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாரும் எங்க மண்ணுக்கு வாங்க. ஒருநாள் கணக்கெல்லாம் இல்ல, எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. மிஸ்டர் ஹாக்கெட், நீங்களுந்தான்."