கிழிஞ்சா யாரும் கேக்க மாட்டாவ

அஸ்ரினோட வேலை என்னன்னா, டீச்சர்மாரு போன் பண்ணா எடுக்கணும். ஒண்ணாம் கிளாஸ் பிள்ளையளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நல்ல புஸ்தகம் எது, எங்க கிடைக்கும்னு கேப்பாவ. இவ தேடிப் பிடிச்சு ஸ்கூலுக்கு அனுப்பி வைக்கணும். செம்பூர்ல ஒரு டிரஸ்ட், ஒத்த ரூம் ஆபீஸ். பம்பாயில இருக்க தமிழ் ஸ்கூலுக்கெல்லாம் இவ ஒருத்திதான். மேலப்பாளையத்துல இருந்து இந்த வேலைக்குன்னே ரயிலேறி வந்தவ. மழைக்காலம் முடியறதுக்குள்ள டீச்சர்மாரு தானாவே திரும்பத் திரும்பக் கூப்பிடணும், இல்லன்னா உன்னை வச்சுக்க முடியாதுன்னு டிரஸ்டை நடத்துத ரஞ்சனா மேடம் முதல் நாளே சொல்லிட்டாவ.

யாரும் கூப்பிடல.

போன் ரிப்பேரோன்னு தன்னோட செல்லுல இருந்தே ஆபீஸ் நம்பருக்கு அடிச்சுப் பாப்பா. நல்லாத்தான் மணி அடிக்கும். எடுத்து ஹலோன்னு தனக்குத்தானே சொல்லிட்டு வச்சிருவா. சாயந்தரம் கோபர்கைரனேல தங்கியிருக்க ரூமுக்குப் போனா கூட இருக்க பிள்ளையள் ஹிந்தியில எதையாவது சொல்லிச் சிரிக்கும். எல்லாரும் சிரிச்சு முடிச்ச பொறவுதான் இவளுக்கு அது என்னன்னே விளங்கும். அப்ப தனியாச் சிரிக்க முடியுமா?

"பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கா ஏட்டி?"ன்னு உம்மா கேட்டா, "நெறைய பேரு இருக்காவும்மா, போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, பொறவு பேசுதேன்"ம்பா.

ஒருநா பொறுக்க முடியாம தாராவி ஸ்கூலுக்கே போயிட்டா. ஜூன்லயே ஒரு கட்டு புஸ்தகம் அனுப்பின ஸ்கூல் அது. ஒண்ணாம் கிளாஸ் எடுக்கது விஜயலக்ஷ்மி டீச்சர். மாட்டுங்காவுல இருந்து வாராவ, ரிட்டயர் ஆவப்போற வயசு.

"புஸ்தகம் பத்தலையா டீச்சர்? நீங்க திரும்பக் கூப்பிடவே இல்லையே."

"பத்தாம என்ன? பேஷா இருக்கு. வா, பாக்கறயா?"

இடுப்புல சொருகியிருந்த சாவியை எடுத்து இரும்பு பீரோவைத் திறந்தாவ. இவ அனுப்பின கட்டு பிளாஸ்டிக் கூடப் பிரிக்காம அப்படியே இருக்கு. கீழ்த்தட்டுல இவளுக்கு முன்னாடி யார் யாரோ அனுப்பினதும் அதே மாதிரி புத்தம் புதுசா இருக்கு.

"ஏன் டீச்சர், பிள்ளையளுக்குப் பிடிக்கலையா?"

"குடுத்தாத்தானே பிடிக்கறதான்னு தெரியும்! ஒங்க ஆபீஸ்ல முத்திரை குத்தி, நம்பர் போட்டு, ஸ்கூல் கணக்குல ஏத்தி அனுப்பறேள். ஆறு வயசுக் கொழந்தை கிழிக்காம படிக்குமோ? கிழிஞ்சா நான்தான் பதில் சொல்லணும். போற காலத்துல நேக்கு எதுக்கு அந்த வம்பு? வருஷா வருஷம் ஒருத்தர் வந்து எண்ணிப் பாப்பார். எல்லாம் சரியா இருக்கும். சந்தோஷமாப் போயிடுவார்."

அஸ்ரினுக்குக் கோவம் வரல. தன்கிட்ட குடுத்திருந்தாலும் பூட்டித்தான் வச்சிருப்போம்னு தோணிச்சு.

வெளிய வந்தா சோன்னு மழை. உம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம் நாகூர் கனி மாமாவோட குடோன் பக்கத்துச் சந்துலதான். ரத்தி வாங்கித் தரம் பிரிச்சு மில்லுக்கு அனுப்பறவரு, அதான் பழைய பேப்பர் வியாபாரம். போயி ஒரு சலாம் சொல்லுன்னு உம்மா எத்தனையோ தடவை சொல்லியும் கூச்சப்பட்டுப் போவாமலே இருந்தவ, அன்னைக்கு மழைக்கு ஒதுங்கற சாக்குல உள்ள போனா.

போனா, ஒரு மூலை பூரா தமிழ்ப் புஸ்தகம். பெரிய பெரிய எழுத்து, யானைப் படம், ரயில் படம்.

"என்ன மாமா, இதெல்லாம் நல்லாருக்கே?"

"மாட்டுங்காவுல, செம்பூர்ல வீடு மாத்துதவன் முதல்ல கழிக்கது தமிழைத்தான். பேரனுக்குன்னு ஊர்ல இருந்து ஆசையா வாங்கிட்டு வந்துருப்பாவ. அவன் 'தாத்தா, ஃபேன் ஸ்பீடா வை'ங்கதையே இங்கிலீஷ்லதான் சொல்லுதான்."

"பிள்ளையளுக்குக் குடுக்கட்டா? கிழிச்சுருமே?"

"கிழிச்சா கிழிக்கட்டுமே ஏட்டி! திரும்ப இங்கதான வரும்? கிழிஞ்சா எடை குறைஞ்சிருமாக்கும்?"

ஒரு சாக்கு நெறைய அள்ளிக்கிட்டு மறுநாளே ஸ்கூலுக்குப் போனா. "முத்திரை கிடையாது டீச்சர். எந்தக் கணக்குலயும் இல்லை. கிழிஞ்சா யாரும் கேக்க மாட்டாவ."

டீச்சர் ஒண்ணொண்ணா முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்தாவ. பொறவு சாக்கை அப்படியே தரையில கவுத்திட்டாவ. என்ன பாய்ச்சல் பாஞ்சுச்சுங்க பிள்ளையள்! ஒருத்தி, அடுத்தவ எடுத்துருவான்னு ஒரு புஸ்தகத்து மேல உக்காந்துக்கிட்டே இன்னொண்ணைப் படிக்கா. ரெண்டு பேரு ஒண்ணை இழுத்ததுல அட்டை பர்ருன்னு போச்சு. ரெண்டும் பயந்துபோயி டீச்சரைப் பாத்துச்சு. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாவ. கொஞ்ச நேரத்துல அந்தப் பாதிப் புஸ்தகத்தையே ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கிட்டு, "ம-ர-ம், மரம்"னு கத்திச்சுங்க.

அஸ்ரின் ஓடிப்போயி ரஞ்சனா மேடம்கிட்ட சொன்னா. மேடத்துக்கும் சந்தோஷந்தான்.

"சூப்பர்! ஆனா குடோன் அட்ரஸை யாருக்கும் குடுத்துடாத. நம்ம மூலமா கேக்கட்டும், நாம முத்திரை குத்தி அனுப்பலாம்."

"முத்திரை விழுந்தா பீரோவுக்குள்ள போயிருமே மேடம்."

"அது அவங்க பாடு. உனக்கு கால் வரணுமா வேண்டாமா? உனக்காகத்தான் சொல்றேன், அஸ்ரின்."

அதுவும் நெசந்தான். மேடம் மோசமானவங்க இல்லை.

அடுத்த வாரம் போன் அடிச்சுச்சு. விஜயலக்ஷ்மி டீச்சர். "தாதர் ஸ்கூல்லேர்ந்து கேக்கறா, மாஹிம்லேர்ந்து கேக்கறா. அந்தப் புஸ்தகம் எங்கேர்ந்து கொண்டு வந்தே?"

நான் பாத்து அனுப்பி வைக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாளைக்கும் கூப்பிடுவாவ, அதுக்கு அடுத்த நாளும் கூப்பிடுவாவ. பேசறதுக்கு ஆள் இருக்கும், வேலையும் இருக்கும். வாயைத் திறந்தா, நாக்கு வேற என்னமோ சொல்லுது.

"எழுதிக்கோங்க டீச்சர். உங்க ஸ்கூலுக்கு அடுத்த சந்து. நாகூர் கனி குடோன். ஆபீஸுக்கெல்லாம் கூப்பிடாண்டாம், நேராவே போங்க."

"சமத்து! இனிமே ஒன்னைத் தொந்தரவே பண்ண மாட்டேன்மா"ன்னு சொல்லிட்டு டீச்சர் வச்சுட்டாவ.

சொன்ன மாதிரியே தொந்தரவு பண்ணல. மழைக்காலமும் முடிஞ்சுச்சு. இந்த மாசத்தோட நின்னுக்கோன்னு ரஞ்சனா மேடம் ரொம்ப சங்கடப்பட்டுத்தான் சொன்னாவ. அஸ்ரினும் சரி மேடம்னு தலையாட்டிட்டா.

உம்மாகிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல. சனிக்கிழமை மாமாகிட்டயாவது சொல்லுவோம்னு குடோனுக்குப் போனா. மாமா வாசல்ல லாரிக்கு லோடு ஏத்திக்கிட்டு நின்னாவ, இரு வாரேன்னு கையைக் காட்டினாவ. உள்ள நாலஞ்சு டீச்சர்மாரு புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டுப் புஸ்தகக் குவியலைக் கிளறிக்கிட்டு இருக்காவ. ஒருத்தரையும் இவளுக்குத் தெரியாது. இவளையும் ஒருத்தருக்கும் தெரியாது.

"நீ எந்த ஸ்கூலும்மா?"ன்னு ஒரு டீச்சர் கேட்டாவ.

"நான் ஸ்கூல் இல்லைக்கா."

"அப்ப சும்மாத்தானே நிக்கே. இதைச் செத்த பிடி"ன்னு ஒரு சாக்கைக் கையில குடுத்தாவ.

அஸ்ரின் சாக்கோட வாயை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டா. அந்த டீச்சர் நிமிந்தே பாக்காம ஒவ்வொரு புஸ்தகமா தூசி தட்டித் தட்டி உள்ள போட்டுக்கிட்டே இருந்தாவ.