கடக்வாஸ்லா மேட்டில் ஒடிந்த ஆக்சில்

கடக்வாஸ்லாவுக்குப் போகும் சாலையில், அணைக்கு ஒரு மைல் முன்னால் ஒரு மேடு உண்டு. 1960 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை அந்த மேட்டில் ஏறும்போதுதான் அலி அக்பரின் பிக்கப் வண்டியில் பின் ஆக்சில் ஒடிந்தது. இடது பின் சக்கரம் ஒடிந்த தண்டோடு கழன்று ஓட, வண்டி பின்னால் சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. ராணுவப் பயிற்சிக் கல்லூரியின் சமையற்கூடத்துக்குப் போக வேண்டிய முட்டையும் உருளைக்கிழங்கும் சாலையெங்கும் சிதறின. அலி அக்பருக்குத் தொடை எலும்பு முறிந்தது.

மூன்றாம் நாள் அவரை மாவுக்கட்டோடு பவானி பேட் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே வண்டியைக் கட்டி இழுத்துவந்து தெருவோரம் நிறுத்தியிருந்தாள் அவர் மனைவி ஜொஹ்ரா. பின்பக்கம் ஒரு மரக்கட்டையின் மேல் அது ஒருக்களித்து நின்றது.

அன்று மாலை அலி அக்பரின் அண்ணன் கரீம் வந்தார். கையில் ஒரு விற்பனைப் பத்திரம் இருந்தது.

"வண்டி செத்துப்போச்சு, ஜொஹ்ரா. குவார்ட்டர் கேட் கராஜ்காரர் இரும்பு விலைக்கு எடுத்துக்கிடுதேங்காரு. இவன் எந்திரிச்சு நடக்க ஆறு மாசம் ஆவும். அதுவரைக்கும் யாரு ஓட்டுவா, நீயா?"

"ஓட்டுறதுக்கு ஆள் கிடைக்கும், பெரிய மச்சான். வண்டி இருந்தாத்தானே ஆளைத் தேட முடியும்."

"யாவாரத்தை யாரு பாப்பா? பொம்பள போயி மிலிட்டரிக்காரன் கேட்டுல நிப்பியா?"

"நிக்கிறதுல என்ன இருக்கு? நான் எண்ணி அடுக்குன முட்டையத்தான் இத்தன வருசமா அவுக கொண்டுபோயிக் குடுத்தாக."

அலி அக்பர் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். "அண்ணன் சொல்லுததும் சரிதானே, ஜொஹ்ரா" என்றார் மெதுவாக.

கரீம் பேனாவின் மூடியைக் கழற்றித் தம்பியிடம் நீட்டினார். ஜொஹ்ரா அதை இடையிலேயே வாங்கி, மூடியைப் போட்டு, அவர் சட்டைப்பையில் திரும்பச் செருகினாள்.

"வலியில கிடக்கிறவுககிட்ட கையெழுத்து வாங்காதீய. வலி போவட்டும். பொறவு கேளுங்க."

கரீம் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். அலி அக்பர் மனைவியிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

சமையற்கூடத்தின் சுபேதார் இரண்டு வாரம் தவணை கொடுத்திருந்தார். அதுவரை வாடகை டெம்போவில் சரக்கு வரலாம். அதற்குப் பிறகு சொந்த வண்டி இல்லாதவருக்கு ஒப்பந்தம் இல்லை. ஜொஹ்ரா ராணுவக் குடியிருப்பான கேம்ப் பக்கம் நான்கு கராஜ்களில் கேட்டுப் பார்த்தாள். நான்கிலும் கரீமோ அந்தக் குவார்ட்டர் கேட் கராஜ்காரரோ ஏற்கெனவே பேசியிருந்தார்கள். "கரீம் பாய் வேண்டாம்னு சொல்லிட்டாரே" என்று அனுப்பிவிட்டார்கள்.

நான்காவது கராஜின் வாசலில் ஒருவர் அவளை நிறுத்தினார். நாற்பது வயது இருக்கும். பெயர் சவரிமுத்து; தமிழர்தான், ஆனால் பிறந்ததே பக்கத்துக் கிர்க்கியில். ராணுவப் பணிமனை ஒன்றில் பதினெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர். ஜூலை மாதம் நடந்த வேலைநிறுத்தத்தில் வாயிலில் கொடி பிடித்து நின்றதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்கள் திரும்பப் போய்விட்டார்கள். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அன்று அவரும் வேலை கேட்டுத்தான் அங்கே வந்திருந்தார்.

"வண்டிய நான் பார்க்கலாமா, தங்கச்சி?" என்றார்.

வந்து அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து, ஆக்சிலைப் போர்த்தியிருந்த இரும்புக் குழாயைத் தட்டிக் காட்டினார். "உள்ள தண்டு மட்டும் ஒடிஞ்சிருந்தா மாத்திப் போட்டுடலாம். இந்த ஹவுசிங்கே வளைஞ்சிருக்கு. முழு ஆக்சிலும் வேற போடணும். புதுசு கிடைக்காது, இம்போர்ட் பந்த், வெளிநாட்டுச் சாமான் வர்றதில்ல. ஜூனா பஜார்ல தேடலாம்."

"கிடைச்சா உங்களால மாட்ட முடியுமா?"

"முடியும். ஆனா கராஜ் வேணும்."

"தெரு இருக்குதே" என்றாள் ஜொஹ்ரா.

பழைய சாமான்கள் விற்கும் ஜூனா பஜார் புதன்கிழமை கூடியது. பூட்டும் பித்தளைச் சொம்பும் பரப்பியிருந்த கடைகளைத் தாண்டி, பின்னால் ராணுவக் கழிவு இரும்பு குவிந்திருந்த இடத்தில் ஒரு முழு ஆக்சில் கிடந்தது. சவரிமுத்து அதன் நடுமுனையைக் கையால் சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டார். எண்ணெய்த் துளையின் திருகைக் கழற்றி விரலை விட்டு எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இரும்புத் தூள் இருந்தா மின்னும். பல் தேஞ்சிருக்குன்னு அர்த்தம்."

ஜொஹ்ராவும் புர்காவின் கையை ஏற்றிவிட்டுத் தன் விரலை விட்டுப் பார்த்தாள். எண்ணெய் கறுப்பாக இருந்தது; மின்னவில்லை. "எடுங்க" என்றாள்.

ஒரே ஒரு குறை. பட்டை ஸ்பிரிங் உட்காரும் இரண்டு இரும்பு மேடைகளும் இவர்கள் வண்டிக்கு வேண்டியதைவிட அகலத்தில் தள்ளி இருந்தன. அவற்றை வெட்டி எடுத்து, உள்ளே நகர்த்தி வெல்டிங் வைக்க வேண்டும். அடுத்த தெருவில் இரும்பு கேட் செய்யும் மராட்டியர் ஒருவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கேவுன் யா" என்று கையசைத்தார். கொண்டுவரச் சொல்லிவிட்டார். கரீமை அவருக்குத் தெரியாது.

தெருவில் வேலை நடந்தபோது பாதிப் பேட்டையும் நின்று வேடிக்கை பார்த்தது. ஜொஹ்ரா ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்தாள். கழற்றிய நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக வைத்தாள். சனிக்கிழமை காலை மாற்று ஆக்சில் ஏறியது. சவரிமுத்து வண்டியைக் கிளப்பித் தெருமுனை வரை ஓட்டினார். வேகம் பிடித்ததும் வண்டி அடியிலிருந்து உதறியது. கூட்டத்தில் நின்றிருந்த கரீம் சிரித்தார்.

"கல்லூரி மேட்டுக்குப் போவ வேண்டாம், இங்கனயே கழண்டுரும்" என்றார்.

சவரிமுத்து இறங்கி, மட்டப் பலகையை வைத்துப் பார்த்தார். மேடைகள் சாய்வாக உட்கார்ந்துவிட்டன. அதனால் ஆக்சிலின் நடுமுனை நிமிர்ந்து, எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்டோடு கோணம் தப்பியிருந்தது. அவர் தெருவோரம் உட்கார்ந்துவிட்டார்.

"என் தப்புதான். நாலு மாசமா சும்மா கிடந்த கை. வேற யாரையாவது பாருங்க, தங்கச்சி."

"வேற யாரு இருக்கா?" என்றாள் ஜொஹ்ரா. அவள் குரல் கூட்டத்துக்கும் கேட்டது. "தப்பு எங்கனு தெரிஞ்சுபோச்சுல்ல? மறுபடி வெட்டுங்க. அவுக சிரிச்சு முடிக்கட்டும், அதுக்குள்ள நாம கழட்டிருவோம்."

அவளே முதல் நட்டில் ஸ்பானரை மாட்டினாள். அது அசையவில்லை. காலை ஊன்றி முழு எடையையும் போட்டு இழுத்தாள். சவரிமுத்து எழுந்து வந்து கை கொடுத்தார்.

ஞாயிறு முழுவதும் அந்த வேலைக்கே போனது. இந்தத் தடவை சவரிமுத்து வெல்டிங் வைக்குமுன் மூன்று முறை மட்டம் பார்த்தார். மாலையில் வண்டி ஸ்வார்கேட் வரை போய்த் திரும்பியது. உதறல் இல்லை.

திங்கட்கிழமை காலை உருளைக்கிழங்கு மூட்டைகளையும், வைக்கோலில் பொதிந்த முட்டைக் கூடைகளையும் ஏற்றினார்கள். கரீம் அப்போதும் வந்தார். ஆனால் இப்போது சிரிக்கவில்லை.

"வேண்டாம் ஜொஹ்ரா. என் தம்பி கிடக்கிற கிடப்பைப் பாத்தேல்ல? அந்த மேட்டுல இன்னொரு தடவ ஒடிஞ்சா?"

அவர் உண்மையாகவே பயந்திருந்தார். அது ஜொஹ்ராவுக்கும் தெரிந்தது.

"ஒடியாது. நம்பிக்கை இல்லன்னா நான் எங்க உக்காருதேன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு, முன்னால் ஏறாமல், பின்பக்கம் மூட்டைகளின் மேல், ஆக்சிலுக்கு நேர் மேலே போய் உட்கார்ந்தாள்.

சன்னலோரக் கட்டிலிலிருந்து அலி அக்பர் எட்டிப் பார்த்தார். "மேட்டுல ரெண்டாவது கியர்ல போவச் சொல்லு" என்று கத்தினார். இரண்டு வாரத்தில் வண்டி ஓடுவதற்காக அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

மேடு வந்தபோது அவள் ஒரு முட்டைக் கூடையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பள்ளத்தில் கண்ணாடிச் சில்லுகள் இன்னும் கிடந்தன. வாயில் கலிமா ஓடியது. கீழே இரும்பு முனகியது, அவ்வளவுதான். வண்டி நிற்காமல் ஏறி உச்சிக்கு வந்தது. அங்கே சவரிமுத்து நிறுத்தி இறங்கி, சக்கரங்களின் நடுவில் கையை வைத்துப் பார்த்தார்.

"சூடே இல்ல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

கல்லூரி வாயிலில் காவல்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். சுபேதார் வெளியே வந்து, "அலி அக்பர் கிதர் ஹை?" என்று கேட்டார்.

"கர் மே" என்றாள் ஜொஹ்ரா. வீட்டில். பிறகு தனக்குத் தெரிந்த ஹிந்தியைக் கூட்டிச் சேர்த்து, இனிமேல் தினமும் தானே வருவதாகவும், இவர் தன் டிரைவர் என்றும் சொன்னாள்.

சுபேதார் ஒரு முட்டையை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். அடுத்த கூடையிலிருந்தும் ஒன்றை எடுத்தார். உடைந்தது எதுவும் இல்லை. உள்ளே கொண்டுபோகச் சொல்லித் தலையசைத்தார்.

அவள் அங்கேயே நின்றாள்.

"அவுர் க்யா?" என்றார் சுபேதார், இன்னும் என்ன என்று.

"வண்டியில இன்னும் எடம் இருக்கு. நாளையிலேர்ந்து வாழப்பழம் வேணுமான்னு கேளுங்கண்ணே" என்றாள் அவள் சவரிமுத்துவிடம். "எத்தன டஜன்னு இப்பவே சொல்லச் சொல்லுங்க."