தவசிமுத்து அளவுக்கு ஒரு சீட்டு

அத்தாவுல்லாவுக்கு அந்தக் காரைக் கண்டாலே முதுகு வலிக்க ஆரம்பித்துவிடும். கார் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். உலகச் சண்டைக்கு முந்தின ஃபோர்டு வண்டி. கூரையை அறுத்தாச்சு, மட்கார்டைக் கழற்றியாச்சு, மிலிட்டரி ஏலத்தில் எடுத்த லாரி இஞ்சினை முன்னால் திணித்தாச்சு. சோழவரத்தில் வெள்ளைக்காரன் விட்டுப்போன விமான ஓடுதளத்தில் நடக்கிற ரேஸில் இது ஓடப்போகிறதாம். ஓடட்டும், யார் வேண்டாம் என்றது? வண்டிக்குள்ளே இருக்கவேண்டிய சீட்டும் டேஷ்போர்டும் கதவு உள்பலகையும் அவர் தலையில் வந்து விடிந்ததுதான் கொடுமை.

டோல்கேட்டாண்ட அவருடைய ஷெட். லாரிக்கும் பஸ்ஸுக்கும் சீட்டுக் கட்டுகிற வேலை. நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ராயபுரத்து மரவாடிக்காரர் மகன் கருணாகரன் ஒரு நாள் வெளிநாட்டுப் பத்திரிகையில் கிழித்த படம் ஒன்றோடு உள்ளே வந்தான், போச்சு. டேஷ்போர்டு முதலில் பர்மா தேக்கில் வேண்டும் என்றான். இழைத்து, மெருகு போட்டு, மீட்டருக்குத் துளையும் போட்டுக் கொடுத்தார். "பீரோ கதவு மாட்டம் கீது பாய்" என்றான். கழற்றிப்போட்டுத் தகரத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். "டீக்கடை போர்டு மாட்டம் கீது." சரி என்று அலுமினியத் தகட்டை எடுத்து, தக்கையில் எமரித் தூளைத் தொட்டுத் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தகடு பூராவும் தேய்த்து மின்ன வைத்தார். அதற்குள் தோள்பட்டை கழன்று விழாத குறை.

"படத்துல கீற அந்தக் காரையே கொண்டாரச் சொல்லி அவனைக் குந்த வெச்சு அனுப்பிடுங்களேன், பீடை ஒழியும்" என்றாள் ஷரீஃபுன்னிசா. அவர் மனைவி; ரெக்சின் தைக்கிறது எல்லாம் அவள்தான். மெஷினை மிதித்து மிதித்து அவள் முழங்காலும் வீங்கியிருந்தது.

சீட்டு விஷயத்தில் மட்டும் அத்தாவுல்லா எந்தப் படத்தையும் பார்க்கமாட்டார். காசிமேட்டுக் கடற்கரை மணலை ஈரமாகப் பெட்டியில் நிரப்பி, ஓட்டப்போகிற ஆளை அதில் உட்காரச் சொல்லுவார். ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காரவேண்டும். ஆள் எழுந்ததும் மணலில் விழுந்திருக்கிற பள்ளம்தான் அளவு. தார் டிரம்மை வெட்டி, அந்தத் தகரத்தைப் பள்ளத்துக்கு ஏற்றபடி தட்டி வளைத்து, தேங்காய் நாரும் கோணியும் வைத்து, மேலே ரெக்சின் போர்த்துவார். கருணாகரன் உட்கார்ந்தபோது பெட்டியின் ஒரு பக்கப் பலகை படக்கென்று விரிந்தது. நல்ல சாப்பாட்டில் வளர்ந்த உடம்பு. சீட்டும் அதற்குத் தகுந்தாற்போல் அகலமாக வந்தது.

அப்புறம்தான் வினை பிடித்தது. பெடல் எட்டுகிறதா என்று பார்க்க தவசிமுத்து வந்தான். கருணாகரனுடைய லாரி ஷெட்டில் மெக்கானிக். சொல்லப்போனால் அந்த வண்டியே அவன் பெற்றதுதான். இஞ்சினை அதில் உட்கார வைக்க அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. எலும்பும் தோலுமாக இருப்பான். புதுச் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் அந்தப் பக்கம் சறுக்கினான், அந்தப் பக்கம் ஒடித்தால் இந்தப் பக்கம் சறுக்கினான்.

"பெடலைப் பார்த்துட்டு எழுந்திரேன்டா. நீ இன்னாத்துக்கு ரேஸு ஓட்டறவன் மாட்டம் வளைஞ்சு வளைஞ்சு பாக்கற?"

தவசிமுத்து வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நான்தான் பாய் ஓட்டப்போறேன். யாராண்டயும் சொல்லிடாத. தொப்பியும் மூக்குக்கண்ணாடியும் மாட்டிக்கினா எவனுக்குத் தெரியும்? கட்டிக்கப்போற பொண்ணோட அப்பாவாண்ட, தானே ஓட்டறதா சின்ன மொதலாளி பீத்திக்கினாரு. இப்ப அவுருக்கு பயம் வந்துட்ச்சு."

"ஜெயிச்சா கப்பு அவனுக்கு. உனுக்கு இன்னாடா?"

"வண்டி எனுக்கு பாய். ஒரு நாளு பூரா எனுக்கு." அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கல்யாண மாப்பிள்ளைகூட அப்படிச் சிரித்திருக்கமாட்டான்.

அத்தாவுல்லா வண்டியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். கூரை கிடையாது, கதவு தொடை உயரம். அந்த வேகத்தில் ஒரு வளைவு எடுத்தால் இவன் எங்கே போய் விழுவான்? போன வருஷம் எண்ணூர் ரோட்டில் ஒரு லாரி க்ளீனர் அப்படித்தான் தூக்கி எறியப்பட்டான். அந்த லாரி சீட்டைப் பிரித்துத் தைத்தது இவர்தான். கறை ஊறின நாரை இவர் கையால்தான் அள்ளி வெளியே போட்டார்.

"ரெண்டு தலகாணி சொருவிக்கிறேன் பாய். நீ பேஜாராவாத" என்றான் தவசிமுத்து. ராத்திரி பூரா துறைமுகத்துக்கு லாரி ஓட்டிவிட்டு வந்திருந்தான். பேசிக்கொண்டே மணல் பெட்டியில் சாய்ந்தவன், சாய்ந்த சாய்வில் தூங்கிப்போனான். வாய் திறந்திருந்தது. அத்தாவுல்லா பீடியை அணைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் எழுந்து போனபிறகு பெட்டியில் பள்ளம் அப்படியே இருந்தது. சின்னப் பள்ளம்.

கட்டி முடித்த சீட்டைப் பிரிக்க ஆரம்பித்தார். ஷரீஃபுன்னிசா மெஷினை நிறுத்திவிட்டாள். "உங்களுக்கு இன்னா பைத்தியமா? நான் தெச்சதை எல்லாம் இன்னொருக்கா தெய்க்கணுமா?" காரணத்தைச் சொன்னார். பிரித்த ரெக்சினை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள் அவள். "அந்தத் தொப்பைக்காரன் வண்டிப் பூஜையன்னிக்கு வந்து குந்திப் பார்த்தா?"

"அவன் எங்க குந்தப்போறான்? இந்த மாதிரி ஆளுங்க எல்லாம் வண்டிமேல ஒரு காலை வெச்சிக்கினு போட்டோ எடுப்பானுங்க, அவ்ளோதான்." முப்பது வருஷம் பணக்காரன் வண்டிக்கு வேலை பார்த்த அனுபவம் அவரை அப்படிப் பேச வைத்தது. தவசிமுத்துவிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் முதலாளிக்குப் பயந்து வேண்டாம் என்பான், எதற்கு? பெடல் பார்க்கிற வேலைதான் முடிந்ததே, இனி பூஜை வரைக்கும் இந்தப் பக்கம் வரமாட்டான். தகரத்தை நிமிர்த்தி, திரும்ப வளைத்து, ரிவெட் அடித்து, நார் திணித்து முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது.

வெள்ளிக்கிழமை பூஜை. ஒரு நாள் விட்டு ஞாயிறு ரேஸ். ஷெட் வாசலில் மாவிலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், பானெட்டிலும் கதவிலும் பட்டையாகச் சந்தனம். கருணாகரன் பட்டுச் சட்டையில் வந்தான். கூடவே மாமனாராகப் போகிறவர், யானைக்கவுனியில் இரும்பு வியாபாரம், பார்வையாலேயே எடை போடுகிற மனுஷன். பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. கருணாகரன் அத்தாவுல்லா சொன்ன மாதிரியே ஒரு காலைத் தூக்கி வண்டிமேல் வைத்துப் போட்டோவுக்கு நின்றான். இவருக்கு மூச்சு வந்தது.

"நின்னா எப்படி மாப்பிள்ளை? உள்ளே ஏறி உக்காருங்க. பொண்ணுக்குக் காட்டவேணாமா?" என்றார் மாமனார்.

கருணாகரன் ஏறினான். உட்கார்ந்தான். இல்லை, உட்காரப் பார்த்தான். இடுப்பு உள்ளே இறங்கவில்லை. நெளிந்தான், அமுக்கினான், சந்தனம் பட்டுச் சட்டையில் ஈஷியது. கூட்டத்தில் எவனோ களுக்கென்று சிரித்தான், அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் சிரித்தது.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. சீட்டைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். ஓரமாக நின்ற தவசிமுத்துவைப் பார்த்தார். "இது யாருக்கு எடுத்த அளவு?"

கருணாகரன் முகத்தில் ஈயாடவில்லை. அத்தாவுல்லாதான் முன்னால் வந்தார். "என் தப்புங்க. வேற வண்டி அளவை இதுக்குப் போட்டுட்டேன்." முப்பது வருஷத் தொழிலில் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாய் கசந்தது.

"அப்படியா?" என்றார் மாமனார். நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. "சரி, மாத்திக் குடுங்க. ஞாயித்துக்கிழமை வீட்டிலேர்ந்தே நானும் மாப்பிள்ளையும் ஒண்ணா கிளம்பறோம். ரேஸ் ஆரம்பிக்கக் கொடி இறங்கற வரைக்கும் வண்டிப் பக்கத்திலேயே நிக்கப்போறேன். மாப்பிள்ளை ஓட்டறதைக் கண்ணால பாக்கணும், ஆமா!"

இனி ஆள் மாற்ற வழியில்லை. கருணாகரன் சட்டையில் ஒட்டிய சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே வண்டியை விட்டு இறங்கினான். போகிற போக்கில், "நானே ஓட்டிக்கிறேன். உனக்கு அன்னிக்கு ஷெட்ல வேலை கீது" என்று தவசிமுத்துவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

எல்லாரும் போனபிறகு அத்தாவுல்லா சீட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். தவசிமுத்து வந்து அதில் உட்கார்ந்தான். இம்மியும் ஆடவில்லை. கையை நீட்டி, இல்லாத ஸ்டியரிங்கை ஒரு தரம் ஒடித்துப் பார்த்தான்.

"எனுக்குப் பண்ணதா பாய்?"

"உசுரு போயிடும்டா. அந்த அகல சீட்டுல நீ ஒரு வளைவு தாங்கமாட்ட. அதான்..."

"தெரியும்." தவசிமுத்து குனிந்தபடியே பேசினான். "தெரிஞ்சிதான் பாய் ஒத்துக்கினேன். விழுந்தா விழறேன்னு இருந்தேன். உசுரு என்னுது. என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

நல்லது செய்கிறோம் என்று புருஷனும் பெண்டாட்டியும் அப்படி உழைத்தார்களே, இவனை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை. ஷரீஃபுன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தவசிமுத்து எழுந்தான். "ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிக்கணுமே. புது டிரம்மு கீதா?"

"இல்ல. இந்தத் தகரத்தைத்தான் நிமித்தணும்."

அவனே ரெக்சினைப் பிரித்தான். நாரை உருவி ஓரமாகப் போட்டான். உளியை வைத்து ஒவ்வொரு ரிவெட்டாக வெட்டினான். பிறகு சுத்தியலை எடுத்து, வளைவாக இருந்த பக்கத்தைத் தரையோடு தரையாக அடிக்க ஆரம்பித்தான். ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை, தகரம் எகிறிக்கொண்டே இருந்தது. அத்தாவுல்லா போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.