எந்தப் புரோகிராமும் விழாத மொழி

ஆறு வருடமாக அவள் ஒரு புதிய கணினி மொழியைச் செய்துகொண்டிருந்தாள். "இருக்கிற மொழியெல்லாம் போதாதுன்னு இவ ஒண்ணு பண்றா" என்று அம்மா கேட்பவர்களிடமெல்லாம் பெருமையும் சலிப்புமாகச் சொல்லுவாள். மற்ற மொழிகளில் எழுதிய புரோகிராம்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று குப்புற விழும். இவள் மொழியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எழுதியது விதிப்படி இருக்கிறதா என்று கணினி முதலிலேயே சோதித்துவிடும். அப்படித் தேறிய எந்தப் புரோகிராமும் எக்காலத்திலும் விழாது. இதுதான் அவளுடைய தேற்றம்.

தேற்றத்தை அவள் நிரூபித்தும் இருந்தாள். நிரூபணங்களைச் சரிபார்ப்பதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. மாமியார் மாதிரி ஒவ்வொரு வரியிலும் குற்றம் கண்டுபிடிக்கும். மற்றவர்கள் அதனிடம் மாதக்கணக்கில் அழுதுகொண்டிருக்க, இவளுடைய நாற்பத்தொரு படிகளுக்கும் அது மளமளவென்று பச்சை காட்டியது. அந்த நாட்களில் தன்னை ஒரு மேதை என்றே அவள் நினைத்திருந்தாள். பாவம், யாரும் மறுக்கவும் இல்லை.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்குப் பதினொரு நாள் இருந்தது. அந்த மாதக் கடைசியோடு அவளுடைய பதிவுக்காலமும் முடிகிறது. அதற்குள் பட்டம் வாங்காவிட்டால் ஆறு வருடமும் அம்போதான். அப்போது பார்த்து, தேர்வுக்கு வரவிருந்த வெளியூர்ப் பேராசிரியையிடமிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. ஆய்வேடு சிறப்பு. இந்த மொழியில் ஒரு சிறிய புரோகிராமை ஓட்டிக் காட்டினால் இன்னும் நன்றாக இருக்கும்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் துறையில் மொழி செய்கிறவர்கள் அந்த மொழியில் எதையும் எழுதுவதில்லை. எழுதுவது மற்றவர்கள் வேலை, நிரூபிப்பதுதான் ஆராய்ச்சி. அவளும் எழுதியதில்லை. கட்டுரைகளில் போட்ட உதாரணங்களெல்லாம் கையால் தட்டி ஒட்டவைத்த படங்கள். சரி, கேட்டுவிட்டார்களே என்று மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடும் எண்ணத்தில் உட்கார்ந்தாள்.

இரண்டையும் மூன்றையும் கூட்டும் புரோகிராம். ஏற்க முடியாது என்றது கணினி. இரண்டு என்று மட்டும் எழுதினாள். அதையும் ஏற்க முடியாது என்றது. பூஜ்யம் போட்டுப் பார்த்தாள். பூஜ்யத்தில் என்ன குற்றம் காண முடியும்? அதற்கும் அதே பதில்தான்.

சாப்பாட்டு நேரம் போயே போய்விட்டது. நான்கு மணிக்கு விஷயம் புரிந்தது. ஒரு புரோகிராம் தேற வேண்டுமானால் அதன் பாகங்கள் தேற வேண்டும். பாகங்கள் தேற அவற்றின் பாகங்கள் தேற வேண்டும். வெறும் எண் தானாகவே தேறும் என்று ஒரு விதி இருந்தால்தான் இது எங்காவது ஆரம்பிக்கும். அந்த விதி இல்லை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை.

எங்கே போயிற்று என்று தேடினாள். முதல் வருடக் கட்டுரை பன்னிரண்டு பக்க வரம்பை ஒரு வரி தாண்டியிருந்தது. 'இது யாருக்குத்தான் தெரியாது' என்று அந்த வரியை அவளே வெட்டியிருந்தாள். பிறகு கட்டுரையைப் பார்த்துத்தான் விதிகளை மென்பொருளில் ஏற்றினாள்.

ஆக, அவள் மொழியில் எந்தப் புரோகிராமும் விழாது. எழுதவே முடியாதது எப்படி விழும்?

விஷயத்தைக் கேட்டதும் அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டிய கைடு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"தேற்றம் தப்பில்லையேம்மா."

"தப்பில்லை சார். ஆனா மொழியில ஒண்ணுமே இல்லை."

"இந்தக் கட்டுரைக்கு நமக்குப் பரிசு குடுத்தாங்க."

"தெரியும் சார்."

"தேர்வுக்கு வர்ற அந்த மேடம் இதை வெச்சே ஒரு கட்டுரை எழுதியிருக்காங்க. நம்ம மொழியை ரெண்டு மடங்கு வேகமாக்கிட்டாங்களாம்."

போகாத ஊருக்குக் குறுக்குவழி. இரண்டு பேரும் சிரிக்காமல் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"ஓட்டின மாதிரி ஒரு படமாப் போட்டுடேன்" என்றார் அவர் மெல்ல. "யார் ஓட்டிப் பாக்கப் போறா? மாசக் கடைசி தாண்டிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவளுக்கும் அதுதான் ஆசை. வெட்கமில்லாமல் ஆசைப்பட்டாள். ஆனால் ஆறு வருடமாக அவளிடம் இருந்த ஒரே சொத்து, தான் நிரூபித்தது உண்மை என்கிற திமிர்தான். அதையும் விற்றுவிட்டால் பட்டத்தை வாங்கிக்கொண்டு போய் என்ன செய்வது? விடுபட்ட விதியைச் சேர்த்தாள். நாற்பத்தொரு படிகளில் முப்பத்தேழு சிவப்பாகின. இத்தனை நாள் மென்பொருள் பச்சை காட்டியது அவளுடைய மேதைமைக்கு அல்ல, சரிபார்க்க எதுவுமே இல்லாததற்கு. அன்று கழிப்பறையில் போய் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து முதல் படியிலிருந்து ஆரம்பித்தாள்.

பத்து நாளில் மீட்க முடிந்தது கொஞ்சம்தான். எண்கள், கூட்டல், 'இப்படியென்றால் அப்படி' என்கிற ஒரு நிபந்தனை. அவ்வளவுக்குத் தேற்றம் நின்றது, உண்மையாகவே நின்றது. அதை ஒன்பது பக்கமாக எழுதி ஆய்வேட்டின் கடைசியில் சேர்த்தாள்.

தேர்வை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் அம்மா இஸ்திரி போட்ட புடவையில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். மகள் எழுந்து, "நான் அனுப்பின ஆய்வேட்டுல இருக்கிற மொழியில ஒரு புரோகிராம்கூட எழுத முடியாது" என்று ஆரம்பித்தாள். கைடு கண்ணை மூடிக்கொண்டார். எந்த வரியை வெட்டினாள், எப்போது தெரிந்தது, இப்போது எவ்வளவு சரியாகியிருக்கிறது என்று எதையும் மறைக்காமல் சொன்னாள். கடைசியில் இரண்டையும் மூன்றையும் கூட்டும் புரோகிராமை ஓட்டினாள். திரையில் ஐந்து வந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் மூச்சை விட்டார்கள்.

"இதுக்கா ஆறு வருஷம்?" என்று அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

அவளை வெளியே அனுப்பிவிட்டு அரைமணி நேரம் பேசினார்கள். கதவைத் திறந்து வந்த பேராசிரியை அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"கடைசியில சேர்த்த ஒன்பது பக்கம் இருக்கே, அதுக்குத்தான் பட்டம். மத்த இருநூறு பக்கத்தையும் எடுத்துடுங்க."

அம்மாவுக்குப் பட்டம் என்கிற சொல் மட்டும் போதுமாயிருந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட ஓரமாகப் போனாள். மகளுக்குச் சந்தோஷம், அதோடு அந்த இருநூறு பக்கத்தின் மேல் ஒரு துக்கம். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பேராசிரியையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஐம்பது வயதுக்காரி, பத்து வயது கூடியவள்போல இருந்தாள்.

"ரெண்டு மடங்கு வேகம்னு எழுதினேனே, நான் ஓட்டிப் பாக்கலைம்மா. எல்லாம் காகிதத்துல போட்ட கணக்கு. என் மாணவன் அதுக்கு மேல தீசிஸே எழுதிட்டான். வர்ற வாரம் குடுக்கப் போறான்."

"சொல்லிட்டீங்களா மேடம்?"

"எப்படிச் சொல்றது? நீ உன் கைடுகிட்ட எப்படிச் சொன்னே?"

பதிலுக்குக் காத்திராமல் பேராசிரியையே போனை எடுத்து மாணவனை அழைத்தாள். எதிர்முனையில் உற்சாகமாக ஒரு இளங்குரல், கடைசி அத்தியாயம் முடிந்துவிட்டது என்றது.

"அது இருக்கட்டும்ப்பா. அந்த மொழியில நீ எப்பவாவது ஒரு புரோகிராம் எழுதிப் பாத்திருக்கியா?"

"இல்லையே மேடம். ஏன்?"

பேராசிரியை போனைக் கையால் பொத்திக்கொண்டு இவளைப் பார்த்தாள். இவளுக்குப் பட்டம் கிடைத்து இன்னும் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. கையை நீட்டினாள்.

"குடுங்க மேடம், நான் பேசறேன்." போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "தம்பி, நீங்க சாப்பிட்டாச்சா? இல்லைன்னா முதல்ல போய்ச் சாப்பிட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."