காலி அறையில் ஓடிய ஒலிநாடா

ஆவணக் காப்பகத்தின் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: மார்கரெட் ஆஷ்கோம், அவருடைய மறைந்த தம்பி வெண்டலோடு ஆயுள் முழுக்க ஒரே வீட்டில் வாழ்ந்த லியோன் கஸ்மாரெக், காப்பக அதிகாரி யோலாண்டா.

வெண்டல் இளவயதில் வெள்ளை மாளிகையில் உதவியாளன். அன்றைய அதிபர் தன் அறையில் யாருக்கும் தெரியாமல் ஒலிவாங்கிகளைப் பதித்திருந்தார். அந்த நாடாக்களில் பிறர் அந்தரங்கம் வரும் பகுதிகளைக் காப்பகம் மூடியே வைத்திருந்தது. வெண்டல் இறந்துவிட்டதால் அவனுடைய பகுதியைத் திறக்கப் போகிறார்கள். குடும்பம் ஆட்சேபித்தால் திறக்க மாட்டார்கள்.

ஆட்சேபிக்கத்தான் மார்கரெட் பால்டிமோரிலிருந்து வந்திருந்தார். ஆணோடு வாழ்கிறான் என்று வெண்டலை வேலையிலிருந்து துரத்தினார்கள் என்பது தேவாலயத்தில் பல காலமாக மென்று வந்த பேச்சு. அதிபரின் குரலிலும் அது ஊருக்குக் கேட்க வேண்டுமா?

லியோனை அவர் அழைக்கவில்லை. தானாகவே பஸ் பிடித்து வந்திருந்தார். "மிஸ் ஆஷ்கோம், இந்தத் தொப்பியப் பாத்திருந்தா அந்த அதிபரே எழுந்து நின்னிருப்பாரு" என்றார். மார்கரெட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நாடா ஓடியது. அதிபர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிச் சிரித்தார். யாரோடு குடியிருக்கிறாய், பெயரைச் சொல், அவனைக் கைகழுவினால் இங்கேயே இருக்கலாம் என்றார். வெண்டல் பெயரைச் சொல்லவில்லை.

"என் மேஜைய வேற யாருக்காவது குடுத்துடுங்க, சார்."

அதிபர் வெளியேறிக் கதவைச் சாத்தும் ஓசை. முடிந்தது என்று மார்கரெட் ஆட்சேபப் படிவத்தில் கையெழுத்திடப் பேனாவை எடுத்தார். யோலாண்டா கை காட்டி நிறுத்தினாள். அறையில் சத்தம் இருக்கும்வரை தானாக ஓடிப் பதியும் கருவி அது. அதிபர் போனது அதற்குத் தெரியாது.

காலி அறையில் வெண்டல் தொலைபேசியைச் சுழற்றினான். "லியோன், நண்டு சூப்ப அடுப்புல வை. சீக்கிரம் வந்துடறேன். ஒண்ணும் ஆகலப்பா. அழலியே, ஜலதோஷம்."

லியோன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு உப்பக் கொட்டிட்டேன். ஒரு வார்த்த சொல்லாம ரெண்டு கிண்ணம் குடிச்சான். வேலைய விட்டத மறுநாள்தான் சொன்னான். எனக்காகன்னு கடைசிவரைக்கும் சொல்லல."

மார்கரெட் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினார்.

"திறந்துடுங்க" என்றார் யோலாண்டாவிடம். பிறகு, முதல்முறையாகப் பெயர் சொல்லி அழைத்தார். "லியோன், நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போங்க. உப்பு நான் போடறேன்."

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஒருத்தி, பாவம், வெண்டலைத் துரத்திவிட்டார்களாமே என்று ஆரம்பித்தாள். மார்கரெட் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"யாரும் துரத்தல. அவனே விட்டுட்டு வந்தான்."