மூன்று தடவை ‘இல்லே’

மானேஜர் சுப்ரமணியனுக்குக் கன்னடம் தெரியாது. அதில் ஒரு குற்றமும் இல்லை. மாம்பலத்திலிருந்து மாற்றலாகி பெங்களூருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அதுதான் பவுலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கன்னடம்னு தனியா என்ன இருக்கு? நம்ம தமிழ்தான், கொஞ்சம் கெட்டுப் போயிருக்கு. பாலுக்கு ஹாலு, பல்லுக்கு ஹல்லு. இந்த ரகசியம் பிடிபட்டா ஒரு வாரத்துல முடிஞ்சது” என்று வந்த முதல் வாரமே அறிவித்துவிட்டார். ஆபீஸில் பாதிக்கு மேல் கன்னடக்காரர்கள். அவர்கள் முகத்துக்கு நேரேதான் சொன்னார். பம்ப்செட் விற்கிற கம்பெனி அது. மானேஜர் சொன்னால் பம்ப்செட் பறக்கும் என்றுகூட ஆமோதிக்க வேண்டும், ஆகவே எல்லாரும் சிரித்து வைத்தார்கள்.

ஸ்டெனோ டைப்பிஸ்ட் பவுலின் சிரிக்கவில்லை. அவள் பெங்களூரிலேயே, மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், குழாயடியில் கன்னடம், கறிக்கடையில் உருது, கான்வென்டில் இங்கிலீஷ். நாலும் அவள் நாக்கில் தானாக வந்து உட்கார்ந்தவை. ஒன்றைப் பற்றியும் அவள் பீற்றிக்கொண்டதில்லை.

எவரெஸ்ட்டில் கொடி நட்ட செய்தி வந்ததிலிருந்து ஊரில் பலருக்கு மலைப் பைத்தியம் பிடித்திருந்தது. ஆறு வருஷம் கழித்துத்தான் அது சுப்ரமணியனைத் தொட்டது; தொட்டதும் முற்றிவிட்டது. ‘ஆபீஸ் ஹைக்கிங் கிளப்’ ஆரம்பித்தார். விருப்பமுள்ளவர்கள் சேரலாம் என்று ஒரு சர்க்குலர் பவுலின் கையால் டைப் ஆயிற்று. மறுநாள், சேராதவர்களின் பட்டியல் ஒன்றும் டைப் அடித்து வைக்கச் சொன்னார். அன்று மாலைக்குள் ஆபீஸே சேர்ந்துவிட்டது.

முதலில் நந்தி மலை. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வாங்கிய பூண் போட்ட தடி, கழுத்தில் விசில், காக்கி அரைக்கால் சட்டை. தமக்கு மூச்சு வாங்கிய இடத்துக்கெல்லாம் ‘வியூ பாயிண்ட்’ என்று பெயர் வைத்தார். அடிவாரத்திலிருந்து உச்சிக்குள் பதினேழு வியூ பாயிண்ட் தேறியது.

அப்புறம் அட்டெண்டர் கோவிந்தப்பா, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், தன் ஊர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் மலை இருக்கிறது, அதில் குகைகள் உண்டு என்று ஒருநாள் காப்பி கொடுக்கும்போது சொல்லிவிட்டான். வடக்கே ரயிலில் ஒரு ராத்திரி, பஸ்ஸில் அரை நாள். தசரா லீவுக்கு எட்டு பேர் கிளம்பினார்கள். வழிகாட்டி கோவிந்தப்பா, பதினாலு வருஷம் அந்த ஆபீஸில் மணி அடித்தால் எழுந்து நிற்கிற மனுஷன், ஊர் எல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முன்னால் நடக்க ஆரம்பித்தான். நடையே மாறிப்போயிற்று. பெங்களூரில் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுகிறவன், அங்கே ஊர்க் கன்னடத்தில் பொழிந்து தள்ளினான்.

மலை அழகாகத்தான் இருந்தது. சாம்பல் வெள்ளைப் பாறைகள், இடுக்கில் எல்லாம் கள்ளி, உச்சியிலிருந்து பார்த்தால் சோளக்கொல்லையும் ஒரு ஆறும். பவுலினுக்கு அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க ஆசை. சுப்ரமணியன் விசில் ஊதினார். குகைக்கு இறங்க வேண்டும்.

உள்ளே கூரையிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கல் தொங்கியது. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர்.

“ராஜாக்கள் செதுக்கினது” என்றார் சுப்ரமணியன்.

“தண்ணி சார். சொட்டுச் சொட்டா விழுந்து விழுந்து, சுண்ணாம்பு வளந்தது” என்றான் கோவிந்தப்பா.

“சும்மா இருய்யா. தண்ணி கல்லைக் கரைக்கும், வளர்க்குமா?”

கோவிந்தப்பா சும்மா இருந்தான். கொஞ்ச தூரத்தில் குகை இரண்டாகப் பிரிந்தது. மற்றவர்களை நிற்கச் சொல்லிவிட்டு, அவன் அரிக்கேன் விளக்கோடு இடது பக்கம் போனான். சுப்ரமணியனுக்கு நிற்கப் பொறுக்கவில்லை. ஒரு அட்டெண்டர் முதலில் கண்டுபிடித்து, மானேஜர் இரண்டாவதாகக் கண்டுபிடிப்பதா? தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போனார். நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுக்க பவுலின் அவருக்குப் பின்னால் போக வேண்டியதாயிற்று.

திருப்பத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் மட்டும் தெரிந்தது. “கோவிந்தப்பா, குழி கிழி இருக்கா?” என்று கத்தினார் சுப்ரமணியன்.

“இல்லே, இல்லே ரீ, இல்லே” என்று பதில் வந்தது.

கன்னடத்தில் ‘இல்லே’ என்றால் இங்கேயே என்று அர்த்தம்; ‘ரீ’ மரியாதைக்கு. இங்கேயே இருக்கிறது குழி, பார்த்து வாருங்கள் என்கிறான். பவுலினுக்கு அது காதில் விழுந்த கணமே புரிந்துவிட்டது. முன்னால் இருந்த மனிதர் தடியை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, ‘பார்த்தியா’ என்கிற மாதிரி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் காதில் விழுந்தது தமிழ் ‘இல்லே’, குழி இல்லை என்று. அவள் வாயைத் திறந்தாள். சொல்ல நேரம் இருந்தது. எட்டு மாதமாகக் கேட்ட ஹாலு ஹல்லு எல்லாம் சேர்ந்து தொண்டையில் வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டாள். அவர் கால் வைத்தார்.

ஆழம் இடுப்பளவுதான். ஆனால் பூராவும் சுண்ணாம்புச் சேறு. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவருக்கு மீசை, மூக்கு, விசில் எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தது. கணுக்கால் பிசகிவிட்டது. கோவிந்தப்பா குழிக்குள் இறங்கி அவரைத் தூக்கி, ஒற்றையடிப் பாதையில் இரண்டு மைல் முதுகில் சுமந்துகொண்டு வந்தான். வழி நெடுக அவர் அவனைத் திட்டிக்கொண்டே வந்தார்.

குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழியில் விழுந்தவர், தூக்கிவிட்டவனுக்குக் குழி பறித்தார். பெங்களூர் திரும்பிய மூன்றாம் நாள், கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு, பவுலினைக் கூப்பிட்டு மெமோ சொல்ல ஆரம்பித்தார். மேலதிகாரியை வேண்டுமென்றே தவறான வழியில் நடத்தி உடலுக்குச் சேதம் விளைவித்ததால் அட்டெண்டர் கோவிந்தப்பாவை வேலையிலிருந்து நீக்கச் சிபாரிசு.

பவுலினின் பென்சில் நின்றுவிட்டது. கோவிந்தப்பா குடியிருந்தது கம்பெனி கோடவுனுக்குப் பின்னால் இருந்த ஒற்றை ரூமில், மனைவியும் இரண்டு பெண்களுமாக. வேலை போனால் அன்றைக்கே ரூமும் போகும். ஊரில் அவனுக்கு ஒரு பிடி நிலம் கிடையாது.

“ஏம்மா நிறுத்திட்டே?”

“ஒண்ணும் இல்ல சார்.”

மத்தியானம் ஹெட் கிளார்க் ஆம்ப்ரோஸிடம் சொன்னாள். அவர் அவளுடைய பங்குக் கோயில்காரர், அவளைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். டிபன் டப்பாவை மூடிவிட்டு, கதவைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

“வாணாம்மா. உன் பர்மனென்ட் ஆர்டர் அவர் டேபிள் மேலேயே கெடக்குது, கையெழுத்து ஆகல. பேசாம சும்னே இரு.”

“அவன் சரியாத்தான் சொன்னான், ஆம்ப்ரோஸ் அண்ணே. நான் கேட்டேன்.”

“நீ கேட்டே, சரி. அவருக்குக் கன்னடம் தெரியாதுன்னு அவர் மூஞ்சிக்கு நேரா யாரு சொல்றது? நீ சொல்லுவியா?”

அவள் சொல்ல மாட்டாள். அதை நினைக்கவே அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. குகையில் பேச வேண்டியபோது ஊமையாக நின்றாள், இப்போது வேலை பயத்தில் ஊமையாக நிற்கிறாள். மானேஜரின் வீம்புக்கும் தன் வாய்க்கும் நடுவில் ஒரு குடும்பம் நசுங்குகிறது.

டைப் அடித்த மெமோவைக் கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது, அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

“சார், இதுல ‘மூன்று முறை மறுத்தான்’னு மட்டும் இருக்கு. டைரக்டர் சேஷகிரி சார் பழைய வக்கீல் ஆச்சே. அவன் என்ன வார்த்தை சொன்னான்னு கேப்பார்.”

சுப்ரமணியன் யோசித்தார். வேலை நீக்கத்துக்கு ஒரு டைரக்டர் கையெழுத்து வேண்டும் என்பது கம்பெனி விதி. சேஷகிரி மல்லேஸ்வரத்துக்காரர், மூன்று தலைமுறைக் கன்னடக் குடும்பம்.

“கரெக்ட். அந்த வார்த்தையையே போடு. ‘இல்லே’. கன்னடத்துல அவன் சொன்னபடியே. எனக்குக் கன்னடம் நல்லாப் புரியும்கறதும் அவருக்குத் தெரியட்டும். அதையும் ஒரு லைன் சேர்த்துடு.”

“சேர்த்துடறேன் சார்.”

அவள் திரும்ப டைப் அடித்தாள். அந்த வார்த்தைக்குக் கீழே கோடும் போட்டாள். நாலு காப்பி எடுத்து, நாலிலும் அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை அதிலிருந்து பதினோராம் நாள் நடந்தது. அதுவரை கோவிந்தப்பா ராத்திரியெல்லாம் கோடவுன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். வெள்ளைப் பஞ்சகச்சமும் கறுப்புக் கோட்டுமாக வந்த சேஷகிரி மெமோவை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

“நீங்க குழி இருக்கான்னு கேட்டீங்க” என்றார், பக்கத்து வீட்டுத் தமிழர்களிடம் கற்ற தமிழில்.

“ஆமாம் சார்.”

“இவன் ‘இல்லே’ன்னான். கன்னடத்துலேயா, தமிழ்லேயா?”

“சுத்தக் கன்னடம் சார். ஒரு எழுத்து விடாம எனக்குப் புரிஞ்சுது.”

“மூணு தடவை சொன்னான்?”

“மூணு தடவை. இதோ பவுலின் பக்கத்துலேயே இருந்தா.”

சேஷகிரி மெமோவை மேஜை மேல் வைத்தார். “குழி இங்கேயே இருக்கு, இங்கேயே இருக்கு, இங்கேயே இருக்குன்னு மூணு தடவை சொல்லியிருக்கான். நீங்களும் புரிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்புறம் எதுக்கு சார் கால வெச்சீங்க?”

ஆம்ப்ரோஸ் இருமலை அடக்கக் கைக்குட்டையைத் தேடினார். சுப்ரமணியன் மெமோவைப் பார்த்தார், கோவிந்தப்பாவைப் பார்த்தார். புரியவில்லை என்று சொன்னால் கையெழுத்து பொய். புரிந்தது என்றால் தாமே குதித்ததாக ஆகும். எந்தப் பக்கமும் போக வழியில்லாமல் கடைசியில் பவுலின் பக்கம் திரும்பினார்.

“நீ பின்னாலதானே நின்னே? உனக்குக் கன்னடம் தெரியுமே. ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?”

“உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன் சார்” என்றாள் பவுலின்.

சேஷகிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெமோவை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, கோவிந்தப்பாவைப் பார்த்து, “ஹோகப்பா, கெலச நோடு” என்றார். போய் வேலையைப் பாரப்பா என்று அர்த்தம். அதையாவது சுப்ரமணியன் புரிந்துகொண்டாரோ என்னவோ.

தாழ்வாரத்தில் கோவிந்தப்பா அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது.

“பவுலினம்மா, அந்த வார்த்தைய நீங்கதான் எழுத வெச்சீங்களாம். ஆம்ப்ரோஸ் சார் சொன்னாரு. என் புள்ளைங்க ரெண்டும் உங்க பேரச் சொல்லும்.”

சேஷகிரி முன்னால் அவள் சொன்னது சுத்தப் பொய். அந்த மனிதருக்குப் புரியாது என்பது அவளுக்கு எட்டு மாதமாகத் தெரியும். விழட்டும் என்றுதான் அன்று வாயை மூடினாள். விழுந்தவர் இன்னும் நொண்டிக்கொண்டிருந்தார், அதற்காக அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இந்த மனுஷன் பதினோரு நாள் தூங்கவில்லை, இரண்டு மைல் அந்தப் பாரத்தைச் சுமந்தான், இப்போது கையெடுத்துக் கும்பிடுகிறான்.

“கும்பிடாதீங்க கோவிந்தப்பா” என்றாள். அவன் கையை இறக்கவில்லை. சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். இப்போதும் நேரம் இருந்தது. இப்போதும் அவள் சொல்லவில்லை.