மூன்றாவது குத்து

அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தூக்கத்தில்கூட "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்துவார் என்பது அக்காவின் நெடுநாள் புகார். அப்பேர்ப்பட்ட வாய்க்குள் இன்று குழாயை விட்டு அடைத்திருந்தார்கள். மயக்க மருந்தில் பரம சாதுவாகப் படுத்திருந்தார். இப்படியோர் அடக்கத்தைக் கொழுந்தியாள் கண்டதேயில்லை.

அவள் அதே அறையின் மூலையில் மைக்ரோஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தாள். ஸ்கேனில் அத்தானின் நெஞ்சுக்கு நடுவே நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தன. புற்றுநோயா, வேறு ஏதாவதா என்று தெரியவேண்டும். குழாயின் நுனியில் உள்ள அல்ட்ராசவுண்டில் கணுவைப் பார்த்து, மூச்சுக்குழாயின் சுவர் வழியாக ஊசியால் குத்தி எடுப்பார் டாக்டர். எடுத்ததைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் போட்டுப் பார்த்து, "போதும்" அல்லது "போதாது" என்று சொல்வது அவள் வேலை. நோயின் பெயரை அந்த அறையில் அவள் சொல்லக் கூடாது. அது ரிப்போர்ட்டில்தான் வரவேண்டும்.

"சொந்தக்காரர் ஸ்லைடு. வேற யாராவது பாக்கட்டுமே?" என்று டாக்டர் காலையிலேயே கேட்டிருந்தார்.

"வெளிய உக்காந்து நகம் கடிக்கறதுக்கு இதுவே தேவலை டாக்டர்."

முதல் குத்து. "வெறும் ரத்தம். போதாது."

ஒரே குத்தில் முடிப்பவர் என்று பெயரெடுத்த டாக்டரின் முகம் சுண்டிப்போனது. இரண்டாவதும் போதவில்லை.

"அத்தான் மேல ஏதும் பழைய கோபமா? குத்த விட்டுக்கிட்டே இருக்கீங்க!" என்றார் டாக்டர்.

நர்ஸ் சிரித்தாள். கொழுந்தியாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது ஸ்லைடைப் பார்த்தாள். லென்ஸை மாற்றி மறுபடி பார்த்தாள். காசநோயில் கூட்டம் போடும் அணுக்கள் திட்டுத் திட்டாக இருந்தன. மூலைமுடுக்கெல்லாம் தேடியும் புற்றணு ஒன்றுகூட இல்லை. "போதும்" என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அத்தானுக்கு டிபி!"

குலுக்கலில் பரிசு விழுந்தவள்கூட அப்படிக் கூவியிருக்க மாட்டாள்.

"போதுமா போதாதா, அத மட்டும் சொல்லுங்கம்மா," என்றார் டாக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "கிருமி டெஸ்ட் இன்னும் வரல."

"போதும் டாக்டர்."

கண்ணீரைத் துடைக்கத் தோன்றாமல் வெளியே ஓடினாள். அந்த முகத்தைப் பார்த்ததுமே அக்கா பெஞ்சில் சரிந்தாள்.

"அக்கா, புத்து எதுவும் கண்ணுல படல. டிபி மாதிரிதான் தெரியுது. அதுதான்னா மாத்திரையில சரியாயிடும்."

அக்கா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அதுக்கு ஏண்டி இந்த மூஞ்சியோட வந்தே? அவர் இல்லாத வீட்ட ஒரு நிமிஷம் பாத்துட்டேன்டி!"

சொல்லிவிட்டு, தங்கையின் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழத் தொடங்கினாள்.